செவலைக்குத் தடவிய கற்பூரம்

"சாமி, செவலையை நானே கொன்னுட்டேன்."

சொன்னவர் தில்லைநாயகம். முப்பது வருஷம் பஸ் ஓட்டிவிட்டு, அறுபத்திரண்டு வயதில் மலையடிவார மடத்துக்கு வந்து சீடரானவர்; மடத்து வண்டிக்கும் அவர்தான் டிரைவர். சாமிக்கு நாற்பதுகூட ஆகவில்லை.

செவலை மடத்து நாய். குட்டி போட்டு மூன்று வாரம்.

"என்ன செஞ்சீங்க?"

"உடம்பெல்லாம் உண்ணி, சாமி. பூஜைக் கற்பூரத்தைத் தேங்காயெண்ணெயில கரைச்சுத் தடவினேன். நக்கிடுச்சு. கைகால் வெட்டி இழுத்துச்சு. இப்பத்தான் உசுரு போச்சு."

"யார் சொன்ன வைத்தியம்?"

"பூக்காரம்மா."

பூக்காரம்மாவின் வைத்தியத்துக்கு அந்த அடிவாரத்தில் பெரிய பேர். அவள் ஒரு கோழிகூட வளர்த்ததில்லை.

"அதைத் தடவி எந்த நாய் பிழைச்சதாம்?"

"கேக்கலை, சாமி."

"டவுன்ல கால்நடை ஆஸ்பத்திரி இருக்கே?"

"இருக்கு. ஆறு கிலோமீட்டர்." தலையில் அடித்துக்கொண்டார். "சாமிக்குக் காட்டுற பொருள் ஒரு ஜீவனைக் கெடுக்குமான்னு நினைச்சுட்டேன். பாவி நான்."



"பாசத்தோடதானே செஞ்சேன்? அதுக்கு மதிப்பே இல்லையா?"

சாமி எழுந்து போய் ஆரத்தித் தட்டை எடுத்து வந்தார். ஒரு கட்டி கற்பூரத்தை வைத்து ஏற்றினார்.

"விரலை உள்ளே வைங்க."

"ஐயோ, சுடும் சாமி!"

"பாசத்தோடதான் ஏத்தினேன்."

தில்லைநாயகம் தேம்பித் தேம்பி அழுதார். கற்பூரம் அணைகிற வரைக்கும் சாமி தடுக்கவில்லை.

பிறகு கேட்டார். "குட்டிங்க எங்கே?"

"பின்கட்டுல, செவலைகிட்டத்தான். தாய் செத்தது அதுகளுக்குத் தெரியலை, சாமி. இன்னும் மடியைச் சப்பிக்கிட்டே கிடக்குதுங்க. பார்க்க முடியலை. அதான் இங்கே வந்துட்டேன்."

சாமியின் கையிலிருந்து தட்டு நழுவியது.

"மடியிலயும் தடவினீங்களா?"

"அங்கேதானே உண்ணி ஜாஸ்தி, அதனால நல்லா அழுத்தி..."



சாமி ஓடினார். அவர் ஓடி மடத்தில் யாரும் பார்த்ததில்லை.

இரண்டு குட்டிகள் அசையவில்லை. மூன்றாவது குட்டிக்கு முன்னங்கால் மட்டும் வெட்டிக்கொண்டிருந்தது. வாயோரமெல்லாம் எண்ணெய். கற்பூர வாசனை மடத்து விசேஷ நாள்போல அடித்தது.

சாமி தன் துண்டால் அதன் வாயைத் துடைத்தார். துடைக்கத் துடைக்க அதற்கு வலிப்பு இழுத்தது.

தில்லைநாயகம் மூச்சு வாங்க வந்து நின்றார்.

"சாமி, மோர் ஊத்தலாமா? விளக்கெண்ணெய் ஊத்தினா முறிஞ்சிரும்னு பூக்காரம்மா..."

சாமி குட்டியைத் துண்டோடு நெஞ்சில் அணைத்துக்கொண்டு எழுந்தார்.

"வண்டியை எடுங்க."