அசன அண்டாவும் இரும்புப் பெட்டியும்

சிவப்புத் தேரிமணல் பறக்கிற ஊர் ஒன்றில் முன்பு ஒரு வேதக்கோயில், அதாவது கிறிஸ்தவர்களின் கோயில், இருந்தது. கோயிலுக்குப் பின்னால் ஒரு சாமான் அறை. அதில் மூன்று பேர் குடியிருந்தார்கள். மூன்று பேருக்கும் வாய் உண்டு, ஆனால் ஒவ்வொரு வாயும் ஒவ்வொரு மாதிரி.

முதல் ஆள் இரும்புப் பெட்டி. பெட்டியார் என்றே சொல்லலாம், அவ்வளவு கௌரவம். தொப்பையும் பித்தளைக் கைப்பிடியுமாக மூலையில் உட்கார்ந்திருப்பார். சபையார் போடுகிற காணிக்கை எல்லாம் கடைசியில் இவர் வயிற்றுக்குள்தான் போகும். சாவி பொருளாளர் எபநேசர் அண்ணாச்சியின் இடுப்பில் தொங்கும். அண்ணாச்சி வந்து திறந்தால் பெட்டியார் வாயை லேசாகத் திறப்பார், உடனே மூடிக்கொள்வார். அதற்குள் யாராவது எட்டிப் பார்த்துவிட்டால் அன்றைக்கெல்லாம் அவருக்கு மனசே சரியிருக்காது.

அடுத்தவள் காணிக்கைப் பை. சிவப்பு வெல்வெட்டுத் துணி, நீளமான மரக் கைப்பிடி. ஞாயிறுதோறும் பாட்டு நடக்கும்போது பெஞ்சு பெஞ்சாகப் போய் வருவாள். அப்படிப் போய் வருகிறவளுக்குத் தெரியாத ஊர்வம்பு ஏது?

மூன்றாவது, அசன அண்டா. அசனம் என்றால் தெரியும்தானே? வருசத்துக்கு ஒருநாள் கோயில் முற்றத்தில், வேதக்காரர், வேறு சாமி கும்பிடுகிறவர் என்று பார்க்காமல் ஊரே வரிசையாக உட்கார்ந்து ஒரே சோறும் ஒரே கறிக்குழம்பும் சாப்பிடுகிற விருந்து. அந்தக் குழம்பு கொதிப்பது இவளுக்குள்தான். மற்ற நாளெல்லாம் அறையில் கவிழ்ந்து கிடப்பாள். முதுகில் பல்லி ஓடும், ஒன்றும் சொல்ல மாட்டாள். அசனத்தன்று நிமிர்த்தி வைத்தால் போதும், அவளுக்கு வருகிற சந்தோசத்தைச் சொல்லி முடியாது.

மழைக்கு முந்தின ஒரு ஞாயிறு. ஆராதனை முடிந்து பை வந்து ஆணியில் தொங்கினாள். தொங்கினவள் காற்றில் ஆடினாள். போன வருசம்வரை அவள் ஆடினதே கிடையாது, வயிற்றுக் கனம் ஆடவிடாது.

"என்னட்டி, இவ்வளவுதானா?" என்றார் பெட்டியார்.

"நான் என்னண்ணே செய்ய? கையை உள்ள விடுதாங்க. விரலை மடக்கிட்டே விடுதாங்க, மடக்கிட்டே எடுக்காங்க. பாட்டு மட்டும் நல்லா சத்தமாப் பாடுதாங்க."

"பக்தி குறைஞ்சு போச்சு."

"பக்தி எல்லாம் அப்படியேதான் இருக்கு. பேச்சுதான் கூடிப் போச்சு. ஆம்பளைங்க பக்கம் போனா, 'பெட்டி நிறைஞ்சு வழியுது, நம்ம காசு எதுக்கு'ங்காங்க. பொம்பளைங்க பக்கம் வந்தா, 'பெட்டியில ஒண்ணும் கிடையாது, எவனோ தின்னு ஏப்பம் விட்டுட்டான்'ங்காங்க. ரெண்டு பேச்சும் ஒண்ணுக்கொண்ணு ஒத்தே போகலை. ஆனா ரெண்டு பக்கமும் விரல் மடங்கித்தான் இருக்கு."

கவிழ்ந்து கிடந்த அண்டாவுக்குள்ளிருந்து குரல் வந்தது. "அப்ப அசனம்?"

சொல்லித்தான் ஆகவேண்டும் என்று பை சொன்னாள். "கமிட்டியில பேசி முடிச்சுட்டாங்கக்கா. அசனத்துக்குப் பணம் வரலையாம். இந்த வருசம் ஆளுக்கு ஒரு பன்னும் வாழைப்பழமும் பொட்டலமாக் கொடுத்து அனுப்பிருவாங்களாம். பெறகு அண்டா எதுக்குன்னு... அடுத்த ஞாயித்துக்கிழமை பழைய பாத்திரம் எடுக்கிற மைதீன் பாய் வாரார்."

"என்னை உருக்கிருவாங்களா?"

பை பெட்டியாரின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எனக்குப் பயமா இருக்கு," என்றாள் அண்டா. "பெட்டியண்ணே, உம்ம வயித்துல எவ்வளவு இருக்கு? உள்ளதைச் சொன்னா ஏதாவது வழி பாக்கலாமே."

"அதெல்லாம் வெளியே சொல்லக் கூடாது. இது கோயில் காரியம். கண்டவங்க எல்லாம் எட்டிப் பாத்தா மரியாதை என்ன ஆகும்?"

அண்டாவுக்கு இப்போது கொஞ்சம் கோபம் வந்தது. "என்னைக் கண்டவங்க எல்லாரும்தான் எட்டிப் பாக்காங்க. எனக்கு என்ன மரியாதை குறைஞ்சு போச்சு? அடுப்பில ஏத்தினா ஒருத்தி வந்து பாப்பா, 'தேங்கா பத்தாதே'ம்பா, வீட்டுக்கு ஓடிப்போய் துருவி எடுத்துட்டு வருவா. இன்னொருத்தர் மோந்து பாத்து 'உப்பு குறையுது'ம்பார், உப்பு வந்துரும். இத்தனை வருசத்துல எனக்கு எதுவும் இல்லாமப் போனதில்லை. குறையுறது எல்லாருக்கும் தெரியும், அதனாலதான்."

பெட்டியார் வாயைத் திறக்கவில்லை. அவருக்கு அதுதான் பழக்கம்.

இங்கே ஒரு விசயத்தை நானே உடைத்துச் சொல்லிவிடுகிறேன். பெட்டியார் வயிற்றில் ஒன்றும் பெரிதாக இல்லை. அதற்காக எவனும் தின்னவும் இல்லை. எபநேசர் அண்ணாச்சி மளிகைக் கடை வைத்திருக்கிறவர், சில்லறை பாக்கியைக்கூட வீடு தேடிப் போய்க் கொடுத்துவிட்டு வருகிற மனுசர். கோயில் பணம் எல்லாம் நல்ல காரியத்துக்குத்தான் போயிருந்தது. ஆனால் செய்ததைச் சொன்னால் தம்பட்டம் ஆகிவிடும் என்று அண்ணாச்சி சொல்லவில்லை. கேட்டால் நல்ல மனுசர் மனசு நோகும் என்று சபையார் கேட்கவில்லை. நேரில் கேட்கத்தான் கூச்சம், முதுகுக்குப் பின்னால் பேச ஒரு கூச்சமும் இல்லை. மரியாதைக்காரர்கள் ஊரில் இப்படித்தான் வினை வந்து சேரும்.

பெட்டியாருக்கோ வேறு கவலை. இவ்வளவு பெரிய தொப்பையை வைத்துக்கொண்டு உள்ளே காலி என்று தெரிந்தால் நாலு பேர் சிரிப்பார்களே என்று, அவர் இன்னும் இறுக்கமாக மூடிக்கொண்டார்.

அடுத்த ஞாயிறும் வந்தது. ஆராதனை முடிந்து சனங்கள் வெளியே வந்தால், முற்றத்து வேப்பமரத்தடியில் அண்டா நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் மைதீன் பாய் தராசை மாட்டிக்கொண்டு நிற்கிறார்.

வெயில் பட்டு அண்டா பளபளவென்று இருந்தாள். நிமிர்த்தினாலே அசனம்தான் என்று பழகிப்போனவள். பழக்கதோசத்தில் ஒரு நொடி சந்தோசப்பட்டுவிட்டாள், பிறகு தராசைப் பார்த்தாள்.

கூட்டத்திலிருந்து குணசீலி முன்னால் வந்தாள். பீடி சுற்றுகிறவள். அசனத்தன்று அகப்பை பிடிப்பது அவள்தான்.

"அண்ணாச்சி, இது என்ன?"

"அசனம் இல்லன்னு ஆயிட்டும்மா. பிறகு இது எதுக்கு இடத்தை அடைச்சுக்கிட்டு?"

"ஏன் இல்ல?"

"பணம் வரலை."

குணசீலி அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தாள். எத்தனையோ வருசம் பார்த்த வாய். இதையா தராசில் ஏற்றுவது என்று அவளுக்கு ஆத்திரம் வந்தது. அந்த வேகத்தில், ஊரில் ஒருத்தரும் கேட்காததைக் கேட்டுவிட்டாள்.

"பெட்டியில எவ்வளவு அண்ணாச்சி இருக்கு?"

அண்ணாச்சி கோபப்படுவார் என்று எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அண்ணாச்சியின் முகத்தில் கோபம் இல்லை. பெரிய மூட்டையை இறக்கி வைத்தவர் மாதிரி மூச்சு விட்டார்.

"இதைக் கேக்க உங்களுக்கு இத்தனை வருசம் ஆச்சா?" என்றார். "பெட்டியைத் தூக்கிட்டு வாங்கடே."

இளவட்டங்கள் நாலு பேர் பெட்டியாரைப் பிடித்து இழுத்து, அண்டாவுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். அண்ணாச்சி சாவியைப் போட்டார். திருகினார். பெட்டி திறக்கவில்லை. பெட்டியார் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே அடம்?" என்றாள் அண்டா.

"சிரிப்பாங்க."

"நானும் வெறும் வயித்தோடதான் இருக்கேன், எல்லாரும் பாத்துட்டுத்தான் இருக்காங்க. யாரு சிரிச்சா? என்னைத் தூக்கிட்டுப் போறதுக்கு முந்தி ஒரே ஒரு தடவை வாயைத் திறங்கண்ணே. எனக்காக."

பெட்டியாருக்கு அதற்கு மேல் முடியவில்லை. பிடியை விட்டார். சாவி திரும்பியது, மூடி முழுசாகத் திறந்தது.

ஊரே எட்டிப் பார்த்தது. கொஞ்சம் நோட்டு, கொஞ்சம் சில்லறை. ஒரு கரப்பான்பூச்சி வெளியே வந்து கூட்டத்தைப் பார்த்துவிட்டு மறுபடியும் உள்ளே போனது.

"அப்ப தின்னாச்சு," என்றார் பின்னாலிருந்து ஒரு வெள்ளைச் சட்டைக்காரர்.

"நீங்க கோயில்ல தென்பக்கம்தானே உக்காருவீங்க?" என்று கேட்டார் அண்ணாச்சி.

"ஆமா."

"போன மழைக்கு நனைஞ்சீங்களா?"

"இல்ல."

"அதுக்கு முந்தின மழைக்கு?"

"குடை பிடிச்சுட்டுல்லா உக்காந்திருந்தேன்."

"நடுவுல மேகம் மனசு மாறிட்டுன்னா நினைச்சீங்க?"

கூட்டம் சிரித்தது. வெள்ளைச் சட்டைக்காரரும் கடைசியில் சிரித்துவிட்டார். தென்பக்கக் கூரை முழுக்க மாற்றினது, பள்ளிக்கூடத்துத் தண்ணீர் மோட்டார் எரிந்துபோய்ப் புதுசு வாங்கினது என்று அண்ணாச்சி ஒவ்வொன்றாகச் சொன்னார். எல்லாம் எல்லோர் கண்முன்னால் இருந்தவைதான். எந்தப் பணம் என்று மட்டும் யாருக்கும் தெரியாது.

"மிச்சம் ஒரு ஆளோட ஆஸ்பத்திரிச் செலவு," என்றார் அண்ணாச்சி. "பேரை மட்டும் கேக்காதீங்க. ரசீது இருக்கு, நம்ம கோயில் குருவானவர் பாக்கட்டும். பேரு வேண்டாம்."

அப்போது வேன் ஓட்டுகிற தாசையா முன்னால் வந்து நின்றார்.

"பேரை நான் சொல்லுதேன். அது நான்தான். மகளுக்கு மாப்பிள்ளை பாத்துட்டு இருந்தோம். எனக்குச் சீக்குன்னு வெளியே தெரிஞ்சா சம்பந்தம் முறிஞ்சு போகும்னு அண்ணாச்சி கையைப் பிடிச்சுக் கெஞ்சினேன். இவர் வாயை மூடினது எனக்காக. பழி இவர் தலையில விழும்னு நான் நினைச்சே பாக்கலை." சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

அண்ணாச்சியும் கண்ணைத் துடைத்தார். குணசீலிதான் முதலில் சமாளித்தாள்.

"இப்ப உடம்பு எப்படிண்ணே இருக்கு?"

"நல்லா இருக்கும்மா. கறி சாப்பிடலாம்னு டாக்டர் சொல்லிட்டார்," என்றார் தாசையா துண்டுக்குள்ளிருந்து.

அதற்குச் சிரித்த சிரிப்பில் வேப்பமரத்துக் காக்கை எல்லாம் பறந்துவிட்டது. குணசீலி சிரித்துக்கொண்டே குனிந்து, அடுப்பில் கிடக்கும் அண்டாவைப் பார்க்கிற மாதிரியே, பெட்டிக்குள் பார்த்தாள்.

"என்ன அண்ணாச்சி, இவ்வளவு குறையுது?" என்றாள். சொன்னவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வீட்டைப் பார்த்து ஓடினாள்.

அவ்வளவுதான். ஒருத்தி ஓடினால் அந்த ஊரில் மற்றவர்களுக்கு இருப்புக் கொள்ளாது. அரிசி வந்தது, தேங்காய் வந்தது, மிளகாய் வற்றல் வந்தது. ஒருத்தர் கிடாயைப் பிடித்து வந்து பெட்டியாரின் பித்தளைக் கைப்பிடியிலேயே கட்டிப் போட்டார். கையில் காசு இருந்தவர்கள் வந்து போட்டார்கள், எல்லா விரலும் விரிந்திருந்தது. வெள்ளைச் சட்டைக்காரர் போட்டுவிட்டு, ஒருதரம் கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார்.

மைதீன் பாய் தராசோடு நின்றுகொண்டிருந்தார். "அப்ப அண்டா கிடையாதா எனக்கு?"

"கிடையாது பாய். சனிக்கிழமை அசனம். நீங்களும் வந்துருங்க," என்றார் அண்ணாச்சி.

"தராசையும் கொண்டாரேன், கறி நிறுக்க வேணும்லா. கிடாயை நானே ஓதி அறுத்துருதேன். அப்பதான் எனக்கும் ஒரு இலை போட முடியும்."

சனிக்கிழமை அண்டா கொதித்த கொதிப்பை அந்த ஊர் இன்னும் பேசுகிறது. யார் யாரோ எட்டிப் பார்த்தார்கள், மோந்து பார்த்தார்கள், உப்பு என்றார்கள், புளி என்றார்கள். அவள் ஒவ்வொருத்தருக்கும் ஆவியை வீசிச் சிரித்தாள். தாசையா இரண்டாம் தரம் குழம்பு வாங்கும்போது அண்ணாச்சி பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார். பெட்டியாரை யாரும் அறைக்குள் எடுத்துப் போகவில்லை, மரத்தடியில் திறந்த வாயோடு இருந்தார். உள்ளே புகுந்த குழம்பு வாசம் இன்னும் போகவில்லை என்று சொல்லிக்கொள்வார், குறையாகச் சொல்வதில்லை.

அதற்குப் பிறகு மாதத்துக்கு ஒரு ஞாயிறு பெட்டியாரை முற்றத்தில் வைத்துத் திறப்பது வழக்கமாகிவிட்டது. வந்தது எவ்வளவு, போனது எங்கே என்று அண்ணாச்சி சத்தமாகச் சொல்வார். கஷ்டப்பட்ட குடும்பத்துக்குக் கொடுத்தது என்றால் ரசீதைக் குருவானவரும் சபையார் இரண்டு பேரும் பார்ப்பார்கள், பேரை யாரும் கேட்க மாட்டார்கள். பெண்கள் வந்து உள்ளே பார்த்து, "உப்பு போதுமா அண்ணாச்சி?" என்று கேலி செய்துவிட்டுப் போவார்கள்.

ஒரு ஞாயிறு பை வந்து ஆணியில் தொங்கினாள். காற்று அடித்தது. ஆடவில்லை.

"என்னட்டி, இவ்வளவு கனமா இருக்க?" என்றார் பெட்டியார்.

"உம்ம வயித்துல எவ்வளவு குறையுதுன்னு எல்லாரும் பாத்துட்டாங்கல்லா," என்றாள் பை.