மார்பில் இறகில்லாத வாத்து

நாச்சாரம்மாள் அந்த ஏரிக்கரை மடத்துக்கு வந்து சேர்ந்தபோது அவருக்கு அறுபத்திரண்டு வயது. நாற்பது வருடம் ஊர் ஊராகப் போய்ப் பிரசவம் பார்த்தவர். மடத்துச் சாமிக்கு நாற்பது வயதுகூட இருக்காது. வாத்து மேய்க்கிற குடும்பத்தில் பிறந்தவர். ஆனாலும் அம்மாள்தான் அவர் காலில் விழுந்து, "என்னைச் சிஷ்யையா ஏத்துக்கணும் சாமி" என்று கேட்டார்.

மடத்தில் ஒன்பது வாத்துகள் இருந்தன. அங்கே யாரும் முட்டை சாப்பிடுவதில்லை. கரையோரக் குடிசைகளில் இளைத்துப்போன பிள்ளைகள் இருந்தால் கொடுத்தனுப்புவார்கள்.

ஒரு நாள் காலைப் பூசை முடிந்ததும் அம்மாள் கேட்டார்.

"சாமி, பத்துப் பேர் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கோம். யார் நிஜமா உள்ளே போயிருக்காங்க, யார் சும்மா உட்கார்ந்திருக்காங்கன்னு எப்படித் தெரியும்?"

சாமி முற்றத்தில் திரிந்த வாத்துகளைக் காட்டினார்.

"நம்ம ஒன்பதுல ஒண்ணு அடைக்கு உட்கார்ந்திருக்கு. குஞ்சு பொரிக்கப் போகுது. எதுன்னு கண்டுபிடிங்க. அவசரம் இல்லை."

"இவ்வளவுதானா? நடையைப் பார்த்தே மாசம் சொல்றவ சாமி நான். இந்தக் கையிலே எத்தனை நூறு பிள்ளை! கடவுள் புண்ணியத்துல ஒண்ணுகூடக் கையிலே போனதில்லை."

"நல்லதும்மா. பாருங்க."

சாயங்காலத்துக்குள் அம்மாள் கண்டுபிடித்துவிட்டார். சமையல்கட்டு வாசலில், வைக்கோல்மேல் ஒரு வெள்ளை வாத்து இருந்தது. விடியும்போதும் அங்கேதான், விளக்கு வைக்கும்போதும் அங்கேதான். யார் தாண்டிப் போனாலும் அசையாது.

அம்மாள் அதன் முன்னால் ஒரு சட்டியில் தண்ணீரும் ஒரு பிடி நெல்லும் வைத்தார்.

சமையல் செய்கிற ஐயாவு சிரித்தார். "மருத்துவச்சியம்மா, இதுக்கு எத்தனையாவது மாசம்?"

"சிரிக்காதே தம்பி. எவ்வளவு அடக்கமா உட்கார்ந்திருக்கு பாரு."

"அதுக்குக் கால் வராதும்மா. போன வருஷம் நாய் கடிச்சது. வேணும்னா தூக்கிப் பாருங்க, அடியில ஒண்ணும் இருக்காது."

"அடைக்கு உட்கார்ந்ததை யாராவது எழுப்புவாங்களா? நீ போய்ச் சோத்தைப் பாரு, குழையப் போகுது."

ஐந்தாம் நாள் சாமி விசாரித்தார்.

"எனக்கு முதல் நாளே தெரிஞ்சுபோச்சு சாமி. வெள்ளைதான். ஆனா அந்தத் தவிட்டு நிறத்து வாத்து இருக்கே, அதுதான் படுத்துது."

"என்ன பண்ணுது?"

"நாள் முழுக்கக் கண்ணிலேயே படறதில்லை. உச்சி வேளைக்கு எங்கிருந்தோ ஓடி வருது. வெள்ளைக்கு வச்ச நெல்லை அள்ளி அள்ளி முழுங்குது. ஏரியிலே ஒரு முங்கு. திரும்ப ஒரே ஓட்டம். சரியான தின்னி."

"அப்புறம்?"

"மார்புல இறகே இல்லை. சொறி பிடிச்சிருக்கும்போல. ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் எச்சம் போடுது, ஆனா ஒரு கைப்பிடி. நாத்தம் தாங்கலை. வயிறு கெட்டுக் கிடக்கு. கிட்டே போனா உடம்பையெல்லாம் சிலிர்த்துக்கிட்டு பாம்பு மாதிரி சீறுது. மத்ததுக்கு ஒட்டிக்கும்னு துடைப்பத்தால விரட்டிவிட்டேன்."

சாமி ஏரிப் பக்கம் திரும்பினார்.

"இன்னும் பாருங்க" என்றார்.

பத்தாம் நாள் உச்சி வேளையில், குடிசையிலிருந்து ராக்கு என்பவள் தன் மூன்று வயது மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டு நாலு நாள் ஆகியும் உடம்பு தேறவில்லை. எலும்பும் தோலுமாக இருந்தாள்.

"ஒரு முட்டை இருந்தா அவிச்சோ, அடிச்சோ கொடுங்க ஆத்தா" என்றாள் ராக்கு.

முட்டைக் கூடையில் ஒன்றுமில்லை. எங்கேயாவது வெளியில் இட்டிருக்குமா என்று அம்மாள் தேடிக்கொண்டு போனார். விறகு அடுக்குக்குப் பின்னால், வைக்கோலும் இறகுமாக ஒரு குவியல் கிடந்தது. பூனை வாத்தைப் பிடித்துத் தின்ற இடம் என்று நினைத்து, 'ஐயோ பாவம்' என்று குச்சியால் விலக்கினார்.

அடியில் பன்னிரண்டு முட்டைகள்.

பக்கத்தில் எந்த வாத்தும் இல்லை. முட்டை சூடாகத்தான் இருந்தது. சித்திரை வெயிலில் விறகும் சுட்டது.

"அடி பாவி, எவளோ ஒருத்தி இட்டுட்டு அப்படியே போட்டுட்டுப் போயிருக்கா பாரு" என்று சொல்லி, எல்லாவற்றையும் மடியில் கட்டிக்கொண்டு வந்தார்.

ராக்கு பார்த்துக்கொண்டு நின்றாள். ஐயாவு அடுப்பை ஊதினார். அம்மாள் ஒரு முட்டையை எடுத்துக் கிண்ணத்தின் விளிம்பில் தட்டினார். விரிசல் விட்டது. பிரித்தார்.

கிண்ணத்தில் மஞ்சள்கரு விழவில்லை.

நரம்பு ஓடிய ஒரு பை விழுந்தது. அதற்குள் ஈர மயிர். மூடின கண். ஒரு சின்ன அலகு. அந்த அலகு திறந்து, மூடியது.

ஐயாவு கையிலிருந்த ஊதுகுழல் கீழே விழுந்தது. ராக்கு மகளின் முகத்தைத் தன் கழுத்தோடு அழுத்திக்கொண்டாள்.

அம்மாளின் சுண்டுவிரல் தானாகப் போய் அந்த அலகின் கோழையை வழித்துவிட்டது. பிறந்த பிள்ளை மூச்சு விடாவிட்டால் செய்வாரே, அதே மாதிரி. குனிந்து மெதுவாக ஊதினார்.

அலகு இன்னொரு தடவை திறந்தது. அப்புறம் திறக்கவில்லை.

ஊதுகுழல் விழுந்த சத்தம் கேட்டுச் சாமி ஓடி வந்தார். கிண்ணத்தைப் பார்த்தார். அம்மாளின் மடியைப் பார்த்தார்.

"எடுத்து எவ்வளவு நேரம் ஆச்சு?"

"இப்பத்தான் சாமி, இப்பத்தான்" என்றார் ஐயாவு.

"எழுந்திருங்கம்மா. இன்னும் பதினொண்ணு இருக்கு."

விறகு அடுக்குக்குப் பின்னால், வெறும் வைக்கோல்மேல் தவிட்டு வாத்து நின்றது. ஏரியிலிருந்து வந்த ஈரம் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. அலகால் வைக்கோலைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தது. ஆட்களைக் கண்டதும் சிலிர்த்துக்கொண்டு, ஒன்றுமே இல்லாத அந்தக் குழியில் தட்டையாகப் படுத்துச் சீறியது.

"நீங்க வையுங்க சாமி. என் கையால வேண்டாம்."

"என் கை அதுக்குப் புதுசு. உங்க கையும் புதுசுதான். யோசிக்க நேரமில்லை, வையுங்க."

அம்மாள் முதல் முட்டையை நீட்டினார். வாத்து அவர் விரலைக் கவ்வித் திருகியது. அவர் கையை இழுக்கவில்லை. இரண்டாவது. மூன்றாவது. புறங்கை கன்றிச் சிவந்துபோனது. நாலாவது முட்டைக்கு வாத்து கடிப்பதை விட்டுவிட்டு, அலகை வளைத்து முட்டையைத் தன் அடியில் இழுத்துக்கொண்டது. மிச்சத்தையும் ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டது. இறகில்லாத மார்பின் வெறும் தோல் நேராக முட்டைகள்மேல் படிந்தது. சுற்றிலும் மெத்தென்று கிடந்தது அது தன் மார்பிலிருந்து பிடுங்கிப்போட்ட இறகு.

"இதைப் போய்ச் சொறின்னேனே" என்றார் அம்மாள்.

"அடையில இருக்கறது ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் எழுந்திருக்கும்மா, அதான் அந்த ஓட்டம்" என்றார் சாமி.

"பொழைக்குமா சாமி?"

"எட்டு நாள்ல தெரியும்."

ராக்குவின் மகளுக்கு ஐயாவு பால் காய்ச்சிக் கொடுத்தார். அவர்கள் போன பிறகு, சாமி வேலியோரம் ஒரு சின்னக் குழி தோண்டினார். அம்மாள் கிண்ணத்தோடு பக்கத்தில் நின்றார்.

"உங்களுக்கு முதல் நாளே தெரியும் சாமி."

"தெரியும்."

"சொறின்னு நான் சொன்னப்போ தெரியும். துடைப்பத்தால விரட்டினேன்னு சொன்னப்போவும் தெரியும்."

"தெரியும்மா."

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இது செத்திருக்காதே!"

கொஞ்சம் தள்ளி நின்ற ஐயாவு திடுக்கிட்டுப் பார்த்தார். அந்த மடத்தில் சாமியை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

சாமி கிண்ணத்தைத் தன் கையில் வாங்கிக்கொண்டார்.

"நீங்களே கண்டுபிடிக்கட்டும்னு வாயை மூடிக்கிட்டு, இந்தப் பத்து நாளும் நான் வாத்தை மட்டும் பார்த்துக்கிட்டிருந்தேன் அம்மா. உங்களைப் பார்க்க மறந்துட்டேன்."