குனியாத சேறு

நிலங்கள் தம் இஷ்டத்துக்கு நகர்ந்து திரிந்த அந்தக் காலத்தில், கல்லும் சேறும் நத்தையும் பேசின. வடநிலத்துக்கும் தென்னிலத்துக்கும் நடுவே ஒரு கடல் கிடந்தது. அதன் அடிச்சேற்றில் சுருளி என்ற நத்தை தன் இனத்தோடு வாழ்ந்தாள். ஆபத்து வந்தால் அவரவர் ஓட்டுக்குள் புகுந்து மூடியைச் சாத்திக்கொள்வது அவர்கள் வழக்கம். பக்கத்து வீட்டுக்காரி கதறினாலும் திறக்கமாட்டார்கள்.

தென்னிலம் வடக்கே நெருக்கிக்கொண்டு வந்தது. கடல் ஒடுங்கியது.

"என் வாசலுக்கு வருகிறவர்கள் குனிந்து என் காலுக்குக் கீழே போகவேண்டும். அதுதான் முறை" என்றது வடநிலம்.

சேற்றைச் சுமந்து கிடந்த கரும்பாறை உடனே முதுகை வளைத்தது.

"என்னண்ணே, சொன்னதும் குனிஞ்சிட்டீங்க?" என்றாள் சுருளி.

"எங்கப்பன் குனிஞ்சான், அவன் அப்பன் குனிஞ்சான். நீயும் வாயை மூடிக்கிட்டு வா, தங்கச்சி."

"போனவங்க யாராச்சும் திரும்பி வந்தாங்களா?"

கரும்பாறை இன்னும் தாழக் குனிந்தது. கீழே நெருப்பு. போனவர்கள் உருகிப்போனார்கள், இருந்ததற்கு அடையாளம்கூட இல்லை.

"நீயாவது நில்லேன்!" என்று தென்னிலத்தைப் பார்த்துக் கத்தினாள் சுருளி.

"நிற்கவும் மாட்டேன், குனியவும் மாட்டேன்."

"பெரியவங்க ரெண்டு பேருக்கும் வீராப்பு. நசுங்குறது நாங்க!"

சுற்றிலும் மூடிகள் சாத்தப்படும் சத்தம். சுருளி சாத்தவில்லை. ஓடு ஓடாகப் போய்த் தட்டினாள்.

"வெளியே வாங்க! தனித்தனியா மூடிக்கிட்டா தனித்தனியாத்தான் உருகுவோம். ஒருத்தரை ஒருத்தர் பிடிச்சுக்குங்க. சேத்தையும் விடாதீங்க. மேலே போவோம்."

"மேலே ஏதுடி தண்ணி? செத்துப்போவோம்" என்றாள் பக்கத்து வீட்டுச் செம்பி, உள்ளே இருந்தபடியே.

"சாவோம், அக்கா. ஆனா நம்ம ஓடு நிக்கும். நாம இருந்தோம்னு சொல்லும்."

சுருளி விடாமல் தட்டினாள்.

"உன் கூச்சல்ல மனுஷி நிம்மதியா உருகக்கூட முடியாது போல" என்று முனகிக்கொண்டே செம்பி மூடியைத் திறந்தாள். அவளைப் பார்த்து அடுத்தவள் திறந்தாள்.

நிலங்கள் முட்டின. கரும்பாறை கீழே போனது. நத்தைகள் இறுகப் பிடித்திருந்த சேறு போகவில்லை. பாறையின் முதுகிலிருந்து தன்னைப் பிய்த்துக்கொண்டு மடிப்பு மடிப்பாக எழுந்தது, மேகத்தையும் தாண்டியது. எழுந்தபடியே இறுகிக் கல்லானது. எவரையும் அண்ணாந்து பார்த்தறியாத வடநிலம், சேற்றை அண்ணாந்து பார்த்தது.

நிலங்கள் இரண்டும் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை. அவை முட்டும்போதெல்லாம் மண் நடுங்குகிறது. மலை மேலும் சற்று உயர்கிறது. அன்று முதல்தான், கடலையே காணாத பனிமலை உச்சியில் நத்தை ஓடுகள் கல்லாகி நிற்கின்றன. ஒன்றையொன்று பிடித்தபடி, மூடி திறந்தபடி.