சீனியம்மா கொட்டிய சேறு

பண்ணையார் தீத்தாரப்பரிடம் போய், வீடு கட்ட அவர் குளத்து மண்ணைக் கேட்டாள் சீனியம்மா. "ஒரு கூடைகூடக் கிடையாது, போ" என்று விரட்டிவிட்டார்.

மறுநாள் அவள் ஆடு அவர் தோட்டத்தில் மேய்ந்தது. கயிறு எப்படி அவிழ்ந்ததோ, யார் கண்டது.

பண்ணையார் கொதித்துப் போனார். "இதுக்குத் தண்டனையா, குளத்துச் சேறு, கோரைப்புல் எல்லாத்தையும் நீயே அள்ளணும்."

"எங்கே கொட்டட்டும், எசமான்?"

"உன் மனையிலேயே கொட்டித் தொலை."

கோடை முடிந்து, குளத்தில் தண்ணீர் ஏறிய பிறகு அந்தப் பக்கம் வந்தார். அவள் மனையில் கோரை வேய்ந்த மண்வீடு நின்றது.

"யாரைக் கேட்டு வீடு கட்டினே?"

"கட்டலை எசமான், கொட்டினேன். நாலு பக்கமும் கொட்டினதுல நடுவுல கொஞ்சம் இடம் மிஞ்சிச்சு, பிள்ளைங்களோட படுத்துக்கிட்டேன். கோரையை எங்கே போடுறதுன்னு தெரியாம மேலே போட்டேன். வேண்டாம்னா சொல்லுங்க, அத்தனையையும் திரும்பக் குளத்துலயே கொட்டிடுறேன்."