கவிழ்த்து வைத்த கொட்டாங்குச்சி

நகரத்துக்குள் ஒரு ஏரி இருந்தது. சுற்றிலும் அடுக்குமாடிகள் வந்தது போக மிஞ்சிய ஏரி. அதன் கரையில், பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால், கைக்குட்டை விரித்தது போல ஒரு பூங்கா. நான்கு பெஞ்சு, ஒரு பம்பு ரூம், ஏழு வேப்பங்கன்று. அவ்வளவுதான்.

நான்கு பேர் சம்பளமில்லாமல் அதைப் பார்த்துக்கொண்டார்கள். வாசலில் இஸ்திரி வண்டி வைத்திருந்த சிந்தாமணி. எதிர்ச் சந்தில் தையல்கடை பஷீர் பாய். பக்கத்து அடுக்குமாடியில் மூன்றாவது மாடி லலிதா மேடம். ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்ற கோதண்டபாணி.

ஒரு நாளைக்கு ஒருவர் முறை. முறைக்காரர் காலையில் கன்றுகளைக் கவனித்துவிட்டு, ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவார். மறுநாள் முறைக்காரர் வந்து நிமிர்த்துவார். கவிழ்ந்திருந்தால் அன்றைய வேலை முடிந்தது. யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

இந்த வழக்கத்தைச் சொல்லிக்கொடுத்தவர் அமலோற்பவம். ஏரிக்கு அந்தப் பக்கம் நாற்றுப் பண்ணையில் வேலை. வயது நாற்பத்திமூன்று. கோதண்டபாணிக்கு அறுபத்திநான்கு. ஆனாலும் செடி விஷயத்தில் அவர் அமலோற்பவத்தைத்தான் குருவாக வைத்திருந்தார். "அம்மா" என்று கூப்பிடுவார். குரு சீடரை "சார்" என்பார்.

தை முடிவதற்குள் மூன்று கன்றுகள் செத்தன. மீதி நான்கும் இலை மஞ்சளாகித் தலை தொங்கி நின்றன.

கோதண்டபாணி பண்ணைக்குப் போனார். அமலோற்பவம் பைகளில் மண் நிரப்பிக்கொண்டிருந்தார்.

"அம்மா, ஒரு கேள்வி."

"கேளுங்க சார்."

"கூடவே இருந்து குழி பறிக்கிறவங்கள எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"இது பண்ணை சார். இங்க எல்லாருக்கும் அதான் வேலை."

கோதண்டபாணி சிரிக்கவில்லை. "சிந்தாமணியச் சொல்றேன். அவ தண்ணியே ஊத்தறதில்ல. கொட்டாங்குச்சிய மட்டும் கவுத்துட்டுப் போயிடறா. எல்லாக் கன்னுக்கும் சேர்த்து அவளுக்குப் பத்து நிமிஷம். எனக்கு முக்கால் மணி நேரம் ஆகுது."

"ஊத்தாததக் கண்ணால பாத்தீங்களா?"

"பாக்கணுமா? முப்பத்தோரு வருஷம் ரயில்ல டிக்கெட் பாத்தவன் நான். டிக்கெட் இல்லாதவன்தான் ஜன்னல் வழியா மலைய ரசிப்பான். இவளும் கன்னுகிட்ட குனிஞ்சுட்டு எழுந்து ஏரியப் பாத்துக்கிட்டு நிக்கறா."

சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு காகிதத்தை எடுத்தார்.

"வார்டு ஆபீசுக்கு எழுதியிருக்கேன். பூங்காவப் பாத்துக்கறான்னுதான் அவ வண்டிய வாசல்ல விட்டு வச்சிருக்காங்க. பாத்துக்கலைன்னா வண்டி எதுக்கு அங்க?"

"வண்டிய எடுத்துட்டா அவ எங்க போவா?"

"கன்னு சாகறப்ப அவ யோசிச்சாளா? நீங்க ஒரு கையெழுத்துப் போடுங்க. நீங்க சொன்னா ஆபீசுல கேப்பாங்க."

அமலோற்பவம் தன் கைகளைத் திருப்பிக் காட்டினார். முழங்கை வரை மண்.

"நாளைக்கு யார் முறை?"

"அவதான்."

"அப்ப நாளைக்கு பம்பு ரூம் ஜன்னலுக்குப் பின்னாடி உக்காருங்க. காலையிலேருந்து. யார் வந்தாலும் வெளிய வரக்கூடாது. நீங்களும் எந்தக் கன்னுகிட்டயும் போகக்கூடாது. அஞ்சு மணிக்கு நான் வரேன். அப்புறம் கையெழுத்து."

கோதண்டபாணிக்கு அது பிடித்திருந்தது. சாப்பாட்டு டப்பாவும் ஒரு விசிறியுமாக விடிந்ததும் போய் உட்கார்ந்துவிட்டார்.

அமலோற்பவம் சொன்னபடி ஐந்து மணிக்கு வந்தார். கையில் ஒரு களைக்கொத்து இருந்தது. கோதண்டபாணி வேர்த்து விறுவிறுத்து வெளியே வந்தார். முகம் மட்டும் மலர்ந்திருந்தது.

"மாட்டிக்கிட்டாம்மா!"

"என்ன பாத்தீங்க?"

"வந்தா. ஒவ்வொரு கன்னடியிலயும் விரல விட்டா. ஒரு நடிப்பு! நாலுல ஒண்ணுக்கு அரை சொம்பு தண்ணி. மத்த மூணுக்கும் ஒரு சொட்டு கிடையாது. ஆனா நாலு கொட்டாங்குச்சியும் கவுத்தாச்சு. அப்புறம் வழக்கம் போல ஏரி."

"சரி. அவ போனப்புறம்?"

"அவ போனப்புறம் என்ன? ஒம்போது மணிக்கு பஷீர் பாய் வந்தாரு. பாவம், நல்ல மனுஷன். அவர் முறை கூட இல்ல. ரெண்டு பக்கமும் ஒரு தடவ பாத்துட்டு, கன்னுக்கு ஒரு பக்கெட்டா ஊத்திட்டு விறுவிறுன்னு போயிட்டாரு."

"ரெண்டு பக்கமும் எதுக்குப் பாத்தாரு?"

"சிந்தாமணி பாத்துட்டா சங்கடமா இருக்குமில்ல? அவ ஊத்தலைன்னு அவருக்கும் தெரிஞ்சிருக்கு."

"அப்புறம்?"

"பதினோரு மணிக்கு லலிதா மேடம். குடை பிடிச்சுக்கிட்டு. அவங்களும் திருட்டு முழி முழிச்சுக்கிட்டுத்தான் வந்தாங்க. பைப்ப மாட்டி நல்லா தேங்கற வரைக்கும் விட்டாங்க. அவங்களுக்கும் சந்தேகம்தான், பாருங்க. நான் மட்டும் சொல்லல."

"அவங்க இன்னிக்கு மட்டும்தான் இப்படி வராங்களா?"

"அது எப்படி எனக்குத் தெரியும்? நான் இன்னிக்குத்தானே உக்காந்தேன்."

"உங்க முறையன்னிக்கும் வருவாங்களோ?"

கோதண்டபாணியின் விசிறி நின்றது.

"என் முறைக்கு எதுக்கு வரணும்? நான் ஒழுங்கா ஊத்தறேனே."

அமலோற்பவம் பம்பு ரூமுக்குள் எட்டிப் பார்த்தார். மூலையில் ஒரு பச்சை பக்கெட் இருந்தது. அதில் தண்ணீர் நிரம்பியிருந்தது.

"இது யாரோடது?"

"என்னோடதுதான்." அவர் குரல் இறங்கியது. "நாலு மணிக்கு வழக்கமா ஒரு நட ஊத்துவேன். இன்னிக்கு நீங்க போகக்கூடாதுன்னீங்க. கை துறுதுறுன்னுச்சு. உக்காந்துட்டேன்."

"அவ முறையன்னிக்கு மட்டுமா?"

"...எல்லா நாளும்தான். பாய்க்குக் கண்ணு சரியில்ல. மேடத்துக்குப் பொறுமையில்ல. யாராவது பாக்கணுமில்லம்மா?"

மூன்றாவதாகச் செத்த கன்றை இன்னும் யாரும் பிடுங்கவில்லை. அமலோற்பவம் அதன் அருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். களைக்கொத்தால் இரண்டு கொத்து கொத்தினார். மூன்றாவது கொத்துக்கு அவசியமில்லாமல் கன்று தானாகவே கையோடு வந்தது.

"பிடிங்க சார்."

கோதண்டபாணி வாங்கினார். வேர் கறுத்துக் கொழகொழவென்று இருந்தது. சாக்கடை நாற்றம் அடித்தது. விரலிடுக்கில் தண்ணீர் வழிந்தது.

"தாகத்துல செத்ததா இது?"

அவர் கன்றை மூக்கிலிருந்து தள்ளிப் பிடித்தார்.

"வேர் அழுகினாலும் இலை வாடத்தான் செய்யும். வாடினதப் பாத்து நீங்க எல்லாரும் இன்னொரு பக்கெட் கொண்டு வந்தீங்க."

மாட்டுக்காரர் ஒருவர் மாட்டை ஓட்டிக்கொண்டு வாசலைக் கடந்து போனார். வாசலில் சிந்தாமணி ஒரு வேட்டியை விரித்து, தண்ணீர் தெளித்து, விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் பெட்டியை எடுத்தாள்.

கோதண்டபாணி கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தணிந்த குரலில் கேட்டார்.

"ஆனாலும், ஊத்தாத கன்னுக்கு எதுக்குக் கொட்டாங்குச்சியக் கவுத்தா? அது பொய்தானே அம்மா?"

"ஈரம் எவ்வளவுன்னு விரல்ல தெரியலன்னா அவ தினமும் ஒரு சட்டையக் கருக்கியிருப்பா. விரல விட்டுப் பாத்தா. மூணுக்கு வேண்டாம்னு தெரிஞ்சுது. இன்னிக்கு இதுக்கு இவ்வளவு போதும்னு கவுத்து வச்சா."

"அத எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நம்பியிருப்பீங்களா?"

கோதண்டபாணி செத்த கன்றைக் கீழே போட்டார். கை முழுக்கக் கறுப்புச் சேறு. துடைக்க வேறு எதுவும் இல்லை. சட்டைப் பையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்தார். ஒரு கணம் பார்த்தார். பிரித்து, இரண்டு கையையும் அதில் துடைத்து, கசக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டார்.

"மீதி நாலும் பொழைக்குமா?"

"பத்து நாள் காய விட்டா பொழைச்சாலும் பொழைக்கும்."

"விட்டுடலாம். இன்னிலேருந்து நான் ஒரு சொட்டு ஊத்த மாட்டேன்." அவர் நிமிர்ந்தார். ஏதோ தோன்றியது போல ஏரியைப் பார்த்தார், பஷீர் பாயின் சந்தைப் பார்த்தார், மூன்றாவது மாடியைப் பார்த்தார். "ஆனா நான் நிறுத்தினா போதுமா? பாய் சரின்னு சொல்லிட்டு ஒம்போது மணிக்கு வந்து நிப்பாரு. மேடத்தக் கேக்கவே வேணாம். நான் வேணா நாளையிலேருந்து இந்த பம்பு ரூம்லயே உக்காந்து..."

"சார்" என்றார் அமலோற்பவம். "பக்கெட்டக் கீழ வைங்க."

கோதண்டபாணி தன் கைகளைப் பார்த்தார். கைகளில் ஒன்றும் இல்லை.