தாழ்ப்பாள் போட்ட கை

வேதப்புத்தகத்தைத் திறந்தால் ராஜாக்கள் கொலை செய்கிறார்கள், ஏமாற்றுகிறார்கள், அடுத்தவன் நிலத்தைப் பறிக்கிறார்கள். "சாமி புத்தகத்தில் இதெல்லாம் எதற்கு?" என்று கேட்கிறீர்களே, எனக்கும் அதே கேள்வி உண்டு. பதிலாக என்னிடம் ஒரு கதைதான் இருக்கிறது. நானே கட்டிய கதை. பயப்படுகிறவர்கள், பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

வெகு காலத்துக்கு முன்னே, எபிரேயர் நாட்டு மலை ஒன்றின் மேல், மதில் சூழ்ந்த நகரத்தை எலிசூர் என்ற ராஜா ஆண்டான். பாட்டுக் கட்டிப் பாடுகிற அளவுக்கு வீரன். அவனுடைய எழுத்தன் மிக்லோத். வீரத்துக்கும் அவனுக்கும் வெகு தூரம். நாய் குரைத்தாலே ஒதுங்கி நிற்பான்.

அந்த நகரத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ராஜா செய்ததையெல்லாம் எழுத்தன் தோல்சுருளில் எழுதவேண்டும். வாற்கோதுமை அறுப்புத் திருநாளில், ராஜா வெறுங்காலோடு நகர வாசலில் நிற்க, சுருளை முதல் வரியிலிருந்து ஒன்று விடாமல் வாசிக்கவேண்டும். அதன் பிறகுதான் ஜனங்கள் புது அப்பத்தைத் தொடுவார்கள்.

எழுத்தில் பிழை வந்தால் கத்தியால் சுரண்டலாம். ஆனால் கர்த்தரின் பெயர் உள்ள வரியைக் கத்தி தொடக்கூடாது. அந்தச் சுருளை எரிக்கவும் கூடாது. செய்தவன் குலமே அற்றுப்போகும் என்று அங்கே எல்லாரும் நடுங்குவார்கள்.

ஒரு வருஷம் எதிரிப் படை வந்தது. அடிவாரத்து ஊர்க்காரர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மலையேறி ஓடிவந்தார்கள். மதில் மேல் நின்ற ராஜா கிணற்றை நினைத்தான். இத்தனை பேருக்குத் தண்ணீர் காணாது என்று தோன்றியது. "கதவைச் சாத்து" என்றான்.

வாசற்காரன் தயங்கினான். ராஜா, வாசலருகே நின்ற மிக்லோத்தைப் பார்த்தான். அந்தப் பார்வைக்குப் பயந்து மிக்லோத் தாழ்ப்பாளைத் தள்ளிவிட்டான்.

வெளியே கதவைத் தட்டினார்கள். "அண்ணா, நான்தான் மில்காள். திற அண்ணா!" அவனுடைய கூடப்பிறந்த தங்கை. மூன்று முறை கூப்பிட்டாள். நான்காவது முறை சத்தம் வரவில்லை.

படை சலித்துத் திரும்பியது. ஊரெல்லாம் ராஜாவைப் பாடியது. அறுப்புத் திருநாளும் நெருங்கியது.

ராஜா முதலில் மிக்லோத்துக்கு ஒரு சிவப்பு அங்கி அனுப்பினான். 'எதிரி முந்திக்கொண்டான், கதவைத் திறக்க நேரமில்லை என்று எழுது' என்று சொல்லி அனுப்பினான். இரண்டாவதாக ஒரு சேவகனை அனுப்பினான். அவன் மிக்லோத்தின் எதிரே உட்கார்ந்து வாளைத் தீட்டிவிட்டுப் போனான். மூன்றாவது முறை ராஜாவே வந்தான்.

"தாழ்ப்பாள் போட்ட கை யாருடையது, மிக்லோத்? உன் தங்கச்சி கத்தினது எனக்கும் கேட்டது. உண்மை தெரிந்தால் ஜனங்கள் முதலில் உன்மேல்தான் கல்லெறிவார்கள். என்னை மறைத்தால் நீயும் தப்பிப்பாய்."

"ஆகட்டும், ராஜாவே" என்றான் மிக்லோத்.

மறைக்காமல் சொல்கிறேன், அவன் பொய் எழுதத்தான் உட்கார்ந்தான். ஆனால் நாணல் பேனாவை மையில் தோய்த்த போதெல்லாம் கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. கடைசியில் நடந்ததையே எழுதினான். பயத்தில் தானே அதைச் சுரண்டிவிடுவோமோ என்று எண்ணி, ஒவ்வொரு வரியிலும் கர்த்தரின் பெயரை வைத்தான்.

திருநாளன்று வாசலில் நின்று வாசித்தான். "கர்த்தர் பார்த்திருக்க, ராஜா கதவைச் சாத்து என்றார். கர்த்தர் பார்த்திருக்க, மிக்லோத் ஆகிய நான் தாழ்ப்பாள் போட்டேன். கர்த்தர் கேட்டிருக்க, என் தங்கை மூன்று முறை கூப்பிட்டாள்."

கூட்டத்தார் ராஜாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"சுரண்டு!" என்றான் ராஜா. பிழை சுரண்டுகிற கத்தியோடு நின்றவன் வரிகளைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டான். ராஜாவே அதை எடுத்தான். கத்தி முனை பெயருக்கு மேலே வந்தது. அங்கேயே நின்றது. அவனாலும் முடியவில்லை.

"சுருளைத்தானே தொடக்கூடாது? உன்னைத் தொடலாமே" என்றான். "வெளியே நின்றவர்கள்மேல் அவ்வளவு பாசமா? நீயும் வெளியே போ."

மிக்லோத்தைத் தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். ஜனங்கள் தடுக்கவில்லை. அவர்களுக்கும் உயிர்ப்பயம்.

மிக்லோத் அடிவாரத்தில் எரிந்த வீடொன்றில் ஒண்டிக்கொண்டான். பிழைக்க வழியில்லாத சிலரும் அங்கே வந்து குடியேறினார்கள். மேலே வேறொருவன் எழுத்தன் ஆனான். ஆனால் சுருளை ஒரு வரி விடாமல் வாசிக்கவேண்டுமே! வருஷம் தவறாமல் அந்த வரிகளும் வாசிக்கப்பட்டன. வாசற்காரன் கேட்டான். அவன் மனைவி கேட்டாள். அவன் பிள்ளைகளும் கேட்டு வளர்ந்தார்கள்.

ஏழாம் வருஷம் படை மறுபடி வந்தது. அடிவாரத்து ஜனங்கள் மறுபடி ஓடிவந்தார்கள். எல்லாருக்கும் பின்னால், மூச்சு வாங்க, கிழவனாகிப்போன மிக்லோத் வந்தான். அவனுக்குப் பின்னாலேயே குதிரைகள் வந்தன.

"சாத்து!" என்று கத்தினான் ராஜா. மறுபடியும் கத்தினான். மூன்றாம் முறை வாளை உருவிக்கொண்டு கத்தினான்.

வாசற்காரனுக்கும் பயம்தான். ஆனாலும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். "மாட்டேன், ராஜாவே. வருஷா வருஷம் கேட்கிறோமே! நாளைக்கு என் பெயரை வாசிப்பார்கள். என் பிள்ளைகள் அதையும் கேட்கவேண்டுமா?"

மற்ற காவலர்களும் அவன் பக்கத்தில் வந்து நின்றார்கள். ராஜாவின் வாள் இறங்கவில்லை.

மிக்லோத் உள்ளே வந்து விழுந்த பிறகே கதவைச் சாத்தினார்கள். முற்றுகை தீரும்வரை ஆளுக்கு ஒரு கை தண்ணீர்தான். உதடெல்லாம் வெடித்தது. ஆனால் ஒருவரும் சாகவில்லை.

கதவைச் சாத்திய அன்று, வாசற்காரன் தன் பங்குத் தண்ணீரைக் கிழவன் வாயருகே கொண்டுபோனான். கிழவன் குடிக்கவில்லை. "வெளியே இன்னும் யாராவது இருக்கிறார்களா?" என்று கேட்டான். மூன்று முறை கேட்டான். மூன்று முறையும் "ஒருவரும் இல்லை, ஐயா" என்று பதில் வந்த பிறகுதான் குடித்தான்.

ஆகையால் நீதி இது: பெரியவர்கள் செய்த கொடுமையை மறைக்காமல் எழுதி எல்லாரும் கேட்கப் படித்தால்தான், அதே கொடுமையை மறுபடி செய்யப் பின்வருகிறவர்களின் கை கூசும்.