வெட்டிய ஐந்து நிமிடம்

மலையூர் ஒன்றில் தேவசகாயம் என்று ஒரு சர்ஜன் இருந்தார். வயது ஐம்பத்திரண்டு. வயிற்றைத் திறந்து செய்கிற ஆபரேஷன் எல்லாம் அவருக்கு அத்துபடி. சின்னத் துளை போட்டு, கேமராவை உள்ளே விட்டுச் செய்வது மட்டும் தெரியாது. அதற்காக அந்த ஊர் நோயாளிகள் நான்கு மணி நேரம் பஸ்ஸில் கீழே இறங்கிப் போனார்கள்.

அதனால் ஆன்லைன் வகுப்பில் சேர்ந்தார். குரு மெஹர்நிஷா, மதுரையில் டாக்டர். சிஷ்யரைவிடப் பதினைந்து வயது இளையவர்.

நாற்பது பாடத்தையும் பார்த்தாயிற்று. பரீட்சையில் நூற்றுக்கு நூறு. இனி குருவின் முன்னால் ஒரு பித்தப்பையை எடுத்துக் காட்ட வேண்டும். அவர் கையெழுத்துப் போட்டால் மலையூரில் தனியாகச் செய்யலாம்.

மதுரைக்கு வந்தார். கை கழுவும்போது கேட்டார்:

"மேடம், ஏதாவது ஒரு பாடத்தை இன்னொரு தடவை பார்த்துட்டு வரட்டுமா?"

"பார்த்தது போதும் சார். உள்ள வாங்க."

பித்தப்பை அழகாகப் பிரிந்து வந்தது. அது ஒட்டியிருந்த இடத்தில், ஈரலில், லேசாக ரத்தம் கசிந்தது.

"துணியை வச்சு அழுத்துங்க சார்."

அழுத்தினார். எடுத்தார். கசிந்தது. மறுபடி அழுத்தினார், எடுத்தார். மறுபடியும் கசிந்தது. கையெழுத்து போயிற்று என்றே நினைத்துவிட்டார்.

"கசியுற இடத்தைக் கரண்ட் வச்சுச் சுட்டுடட்டுமா மேடம்?"

"ஏன் சார் அதுக்குள்ள எடுக்குறீங்க?"

"உங்க பாடத்துல எட்டு செகண்ட்ல எடுத்தீங்களே. எண்ணி வச்சிருக்கேன்."

நர்ஸ் ஸ்டெல்லா முகமூடிக்குள் சிரித்துவிட்டார். "வீடியோவுல நடுவுல அஞ்சு நிமிஷத்தை வெட்டிட்டாங்க சார்."

"வெட்டிட்டீங்களா? ஏன் மேடம்?"

"முதல்ல முழுசாத்தான் போட்டேன். எல்லாரும் அந்த இடத்தைத் தள்ளிவிட்டுப் பார்த்தாங்க," என்றார் குரு. "அழுத்துங்க. உங்க ஊர்ல இப்ப மழையா?"

"மழைதான். போன வாரம் ஆஸ்பத்திரிக்கு யானை வந்துச்சு."

"ஓ.பி. சீட்டு வாங்குச்சா சார்?" என்றார் ஸ்டெல்லா.

"எங்க? நேரா உள்ள வந்துடுச்சு. எங்க ஊர்ல பாதிப் பேர் அப்படித்தான்."

பேச்சு யானையிலிருந்து அட்டைப்பூச்சிக்குப் போனது. அங்கிருந்து அவர் மனைவி போடும் நெல்லிக்காய் ஊறுகாய்க்கு வந்தது.

"இப்ப எடுங்க சார்."

எடுத்தார். காய்ந்திருந்தது.

சாயங்காலம் அந்த நோயாளி எழுந்து உட்கார்ந்து காபி கேட்டார். குரு கையெழுத்துப் போட்டுக் காகிதத்தை நீட்டினார். சிஷ்யர் வாங்கிக்கொண்டார். ஆனால் கிளம்பவில்லை.

"என்ன சார்?"

"அங்க நீங்க பக்கத்துல இருக்க மாட்டீங்க. துணியை எப்ப எடுக்கணும்னு நான் எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

"எடுத்துப் பார்க்கலாமான்னு கை கேட்கும் சார்," என்றார் குரு. "அப்ப எடுக்காதீங்க."